சின்னக் காயம், தழும்பு: மருந்துக்கடைக்கு வரும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்குக்கு அடுத்தபடி ஜனங்கள் என்னிடம் அதிகம் கேட்பது தழும்பைப் பற்றித்தான். கூட்ட நேரத்தில் நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எங்கே டாக்டர் தேவையோ அங்கே அதையும் சொல்லியிருக்கிறேன்.

"காயம் ஆறிடுச்சுண்ணே. தழும்பு போற மாதிரி நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க."

இதற்கு நான் முதலில் கேட்பது, "அடிபட்டு எத்தனை நாள் ஆச்சு?" ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்பார்கள். அந்தக் கட்டத்தில் தழும்பு பார்க்க மோசமாகத்தான் இருக்கும். உள்ளே கொலாஜன் என்ற நார் அவசரமாகக் கொட்டப்பட்டு, தாறுமாறாகக் கிடக்கும். ரத்த ஓட்டமும் அதிகம். அதனால் சிவந்து, கொஞ்சம் கெட்டியாக, அரிப்போடு இருக்கும். அப்புறம் உடம்பே அந்த நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்ப்படுத்தும். அது முடிய ஒரு வருஷம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். என்னதான் ஆறினாலும் அந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் 80 சதவீதம்தான் திரும்ப வரும்.

தழும்பைத் துடைத்த மாதிரி எடுத்துவிடும் கிரீம் எதுவும் கிடையாது. மங்க வைக்கலாம், தட்டையாக்கலாம். அதில் பெரும்பங்கு காயம் மூடும் முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் இருக்கிறது. கடைக்காரன் இப்படிச் சொன்னால் வியாபாரம் கெடும், தெரியும். ஆனாலும் வாங்கிப்போன டியூப் தீர்ந்ததும் என்னிடம்தானே சண்டைக்கு வருகிறீர்கள்.

"சில காயம் அடையாளம் இல்லாம ஆறுது, சிலது தழும்பாகுது. ஏன்?"

ஆழம்தான் காரணம். சுவரில் வெள்ளை மட்டும் பெயர்ந்தால் மறுபடி அடித்துவிடலாம், அடையாளம் தெரியாது. பூச்சே பெயர்ந்து விழுந்தால் எவ்வளவு நல்ல கொத்தனார் வந்தாலும் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். தோலும் அப்படித்தான். மேல்தோல் மட்டும் உரசினால் அடியிலிருந்து புதுசாக வளர்ந்து மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள அடித்தோல் அறுந்தாலோ வெந்தாலோதான் தழும்பு.

ஆழம் குறைவான காயத்தையும் ஆழமாக்கும் விஷயங்கள் உண்டு: சீழ் பிடிப்பது, காய்ந்து வெடிப்பது, பொருக்கைப் பிய்ப்பது. முட்டி, தோள், நெஞ்சு மாதிரி எப்போதும் இழுபடும் இடத்துக் காயமும் அகலமான தழும்பாகும்.

"எனக்கு மேடு பள்ளம் எதுவும் இல்ல, கறுப்பா மட்டும் இருக்கு. அதுவும் தழும்புதானே?"

கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் அது தழும்பில்லை, நிறம் படிந்திருக்கிறது. நம் மாதிரி மாநிறம், கறுப்புத் தோலில் கொசுக்கடி, செருப்புக் கடி, பரு, சிராய்ப்பு எது ஆறினாலும் இப்படிக் கறுக்கும். பிள்ளைகளின் காலில் பாதிக்கு மேல் இந்த வகைதான். தானாக மங்கும், ஆனால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை பிடிக்கும். ஆழமாகப் படிந்தது இன்னும் தாமதிக்கும். வெயில் படாமல் வைப்பதும் சொறியாமல் இருப்பதும்தான் முக்கால் வைத்தியம். கீழே வரும் சிலிக்கான் சமாச்சாரம் இதற்கு வேலை செய்யாது.

"வண்டியிலேர்ந்து விழுந்துட்டான். டெட்டால் ஊத்தவா?"

தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் போதும், ஐந்து பத்து நிமிஷம் ஓடவிட்டுக் கழுவுங்கள். காயத்தைச் சுற்றி சோப்பு. டெட்டாலை அப்படியே ஊற்றினால் கிருமியோடு சேர்ந்து புதுசாக வளரும் தோலும் வேகும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அதே கதை. நுரை பொங்குவதைப் பார்த்து "வேலை செய்யுது" என்று நினைக்கிறோம், அவ்வளவுதான்.

சாலையில் விழுந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். புதுச்சேரி ரோட்டில் சறுக்கி விழுந்த ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். விழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. முழங்காலில் பொருக்கு விழுந்த இடத்தில் நீலம் கலந்த கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. அம்மா அதை ரத்தக்கட்டு என்று நினைத்திருந்தார். அது தார்த்தூளும் மண்ணும். தோலுக்குள்ளேயே மாட்டி அதன்மேல் தோல் மூடிவிட்டால் பச்சை குத்தின மாதிரி நிரந்தரமாக நின்றுவிடும், அப்புறம் லேசரில்தான் எடுக்க வேண்டும். முதல் நாளே ஈரத் துணியாலோ மெல்லிய பிரஷ்ஷாலோ மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். வலிக்கும். வலி தாங்கவில்லை என்றால் மரப்பு ஊசி போட்டு ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்வார்கள். முகத்தில் மண் ஏறியிருந்தால் வீட்டில் முயலவே வேண்டாம்.

"காத்தாட விட்டாத்தான் காயும்னு பாட்டி சொல்றாங்க. மூடிக் கட்டினா சீழ் பிடிக்காதா?"

இந்த ஒரு விஷயத்தில் பாட்டியோடு நான் ஒத்துப்போவதில்லை. காயவிட்டால் பொருக்கு கட்டும், புதுத்தோல் அந்தக் காய்ந்த பொருக்கின் அடியில் வழி தேடிக்கொண்டு ஊர்ந்து வர வேண்டியிருக்கும். ஈரப்பதமாக மூடி வைத்தால் நேராக வழுக்கிக்கொண்டு வந்து மூடும். 1962ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் இதைச் சோதித்துப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்த காயம், காற்றாட விட்ட காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் பயன்படும் விதவிதமான டிரெஸ்ஸிங்குகளுக்கு அதுதான் தொடக்கம்.

வீட்டில் செய்வது எளிது. தினம் ஒருமுறை கழுவி, ஒற்றி எடுத்து, மெல்லிசாக வாசலின் தடவி, ஒட்டாத காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். நம் ஊர் வேர்வையில் கட்டு நனைந்துபோகும். நனைந்தால், அழுக்கானால் உடனே மாற்ற வேண்டும். இரண்டு நாள் ஒரே கட்டோடு திரிந்தால் பாட்டி சொன்னதுதான் நடக்கும்.

"வாசலினா? ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட் வேணாமா?"

சுத்தமாகக் கழுவிய சின்னக் காயத்துக்கு வெறும் வாசலினே போதும், ஆன்டிபயாட்டிக் களிம்பைவிட அது ஒன்றும் குறைச்சலில்லை. நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்கு ஒவ்வாமை தரும். காயத்தைச் சுற்றிச் செவந்து அரித்தால் "சீழ் பிடிச்சிருச்சு" என்று இன்னும் அதிகமாகப் பூசுவார்கள், அது இன்னும் செவக்கும். புது டப்பா வாசலினாக இருக்கட்டும், வீட்டில் எல்லோரும் விரல் விட்ட டப்பா வேண்டாம்.

"மஞ்சத்தூள் வெச்சா ரத்தம் நிக்கும், காயமும் ஆறும்னு எங்க வீட்ல..."

ரத்தம் நிற்க சுத்தமான துணியை வைத்து பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கக் கூடாது. மஞ்சளில் நல்ல குணம் உண்டு, அதில் சண்டையில்லை. ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள்தூள் கிருமி நீக்கியது கிடையாது. திறந்த காயத்தில் அப்பினால் கட்டியாகிக் காய்ந்து, அடியில் சீழ் இருப்பதே தெரியாமல் மறைத்துவிடும். காபித்தூளும் அப்படித்தான். கழுவி எடுக்கும்போது புதுத்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

தேங்காய் எண்ணெய் காயம் மூடிய பிறகு தாராளமாகத் தடவலாம், தோல் வறளாது, அரிப்பு குறையும். சோற்றுக் கற்றாழை லேசான சூட்டுக்காயத்துக்கு இதம் தரும். தோட்டத்துக் கற்றாழை என்றால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள், அந்தப் பால் அரிக்கும்.

"சைலன்சர்ல சுட்டுக்கிட்டேன். பேஸ்ட் தடவிட்டு வந்திருக்கேன், அடுத்து என்ன?"

முதலில் பேஸ்ட்டைக் கழுவ வேண்டும், அதுதான் அடுத்த வேலை. வலது பக்கமாக இறங்கும்போது கெண்டைக்காலில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சூடு. என் கடைக்கு வரும் தீக்காயங்களில் முதலிடம் இதற்குத்தான், எண்ணெய் தெறித்தது இரண்டாவது. பேஸ்ட், மாவு, இங்க், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். ஐஸ் கட்டியை நேரடியாக வைத்தால் வெந்த தோல் இன்னும் கெடும்.

குழாயடியில் 20 நிமிஷம் காலை நீட்டுங்கள். கடிகாரம் பார்த்து இருபது. நாம் எல்லோரும் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுகிறோம். சுட்டு மூன்று மணி நேரம் வரை இதைச் செய்தாலும் பலன் உண்டு. ஒரு எச்சரிக்கை: மே மாதம் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கையே வைக்க முடியாத சூட்டில் வரும். அப்போது அடிபம்புத் தண்ணீரோ குடத்துத் தண்ணீரோ எடுத்து மக்கில் மொண்டு ஊற்றுங்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள், இயற்கை போட்ட கட்டு அது. தானாக உடைந்தால் முன்பு சொன்ன மாதிரி வாசலினும் ஒட்டாத துணியும். பத்துப் பதினாலு நாளில் மூடிவிட்டால் பெரும்பாலும் கறுப்பு மட்டும் இருந்து மங்கும். மூன்று வாரம் தாண்டியும் மூடாத தீக்காயம்தான் தடித்த தழும்பாகும், அதனால் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிசாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றாலோ, வெள்ளையாக வெந்து வலியே தெரியவில்லை என்றாலோ அன்றைக்கே போக வேண்டும். வலி இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நரம்பு வரை வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

"தையல் போட்டா தழும்பு பெரிசாகும்னு பயமா இருக்கு. போடாம விட்டா?"

வாய் பிளந்த காயத்தைத் தைக்காமல் விட்டால்தான் பெரிசாகும். இரண்டு ஓரமும் சேர்ந்து ஒட்டினால் கோடு, சேராமல் இடைவெளி நிரம்பி ஆறினால் பட்டை. அடிபட்ட ஆறு எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது. முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் ஒரு நாள் வரைகூடத் தைப்பதுண்டு.

ரயில் தண்டவாளம் மாதிரிக் குறுக்குக் கோடுகள் விழுவது பெரும்பாலும் தையலைத் தாமதமாகப் பிரிப்பதால். முகத்தில் ஐந்து நாள் அளவில், தலையிலும் கையிலும் ஏழு முதல் பத்து நாளில், மூட்டிலும் காலிலும் பத்து முதல் பதினாலு நாளில் பிரிப்பார்கள். "வெள்ளிக்கிழமை, வேண்டாம், அஷ்டமி, வேண்டாம்" என்று முகத்துத் தையலைத் தள்ளிப்போடாதீர்கள்.

தையல் பிரித்த பிறகு ஒரு மலிவான யுக்தி, கிரீம் கேட்பவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது: காகிதம் மாதிரி இருக்கும் வெள்ளை மைக்ரோபோர் டேப்பை தழும்பின் மேல் நீளவாக்கில் ஒட்டி, தானாக உரியும்போது மாற்றுங்கள். இரண்டு மூன்று மாதம். தோல் இழுபடுவதை அது தாங்கிக்கொள்ளும், தழும்பு அகலமாகாது. அரித்தாலோ கொப்புளித்தாலோ நிறுத்திவிடுங்கள்.

"துருப்பிடிச்ச ஆணி. டி.டி. போடணுமா?"

டி.டி. என்பது டெட்டனஸ் என்ற இசிவு நோய்க்கான தடுப்பூசி. கடைசி ஊசி போட்டு பத்து வருஷம் ஆகியிருந்தால் எந்தக் காயத்துக்கும் போட வேண்டும். மண், சாணம் பட்டது, ஆழமாகக் குத்தியது என்றால் ஐந்து வருஷக் கணக்கு. துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கிருமி மண்ணில் இருக்கிறது. எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள். டி.டி. என்று கேட்டாலும் இப்போது போடுவது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்த ஊசி.

"பொருக்கு பாதி தூக்கிட்டு நிக்குது, அரிக்குது. எடுத்துடட்டுமா?"

தூக்கிக்கொண்டு நிற்கும் ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கலாம், இழுக்கக் கூடாது. வாசலின் தடவி வைத்தால் ஊறித் தானே விழும். ஆறும் காயம் அரிப்பது இயல்பு. பிள்ளைகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டி, ராத்திரியில் மெல்லிய துணி சுற்றிவிடுங்கள். தாங்க முடியாத அரிப்பு என்றால் மாத்திரை இருக்கிறது, டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். சின்னம்மையில் விழும் பள்ளத் தழும்புகளில் பல, நகம் போட்ட வேலை.

"கத்திரிக்கா, கருவாடு, முட்டை எதுவும் தரக் கூடாதாமே?"

கத்திரிக்காயை விடுங்கள், அது தின்னாவிட்டால் குறையொன்றுமில்லை. முட்டையையும் மீனையும் நிறுத்துவதுதான் கொடுமை. புதுத்தோல் கட்டப் புரதம் வேண்டும், கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். மீன், முட்டை, பருப்பு, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் கொடுங்கள். ஏற்கெனவே ஒரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர்கள் மட்டும் அதைத் தவிர்த்தால் போதும். பீடி சிகரெட்டை நிறுத்தச் சொன்னால் மட்டும் யாரும் பத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. காயம் ஆறுவதை நிஜமாகவே தாமதிப்பது அதுதான்.

"சன்ஸ்கிரீன் எல்லாம் பணக்காரங்க சமாச்சாரம் இல்லையா?"

துணி இலவசம்தானே. தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொழுதுக்கும் பந்து விளையாடும் பையனுக்கு கிரீமைவிட முழுக்கைச் சட்டைதான் நிற்கும். புதுத்தழும்பில் வெயில் பட்டால் சுற்றியிருக்கும் தோலைவிட அதிகமாகக் கறுத்து, அந்தக் கறுப்பு நின்றுவிடும். ஒரு வருஷம் வரை காப்பாற்ற வேண்டும். முகம், கழுத்து என்று மூட முடியாத இடத்துக்கு எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் எழுதியிருப்பதை வாங்கி, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். காலையில் ஒரு முறை பொட்டு வைக்கிற அளவு தடவிவிட்டு "வேலை செய்யல" என்று சொல்லக் கூடாது.

"சிலிக்கான் ஜெல்லுனு எழுதிக் குடுத்திருக்காங்க. விலை ஜாஸ்தியா இருக்கே, வாங்கலாமா?"

தடித்து எழும்புகிற தழும்புக்கு வீட்டில் செய்யக்கூடியவற்றில் ஓரளவு ஆதாரம் உள்ளது இதற்குத்தான். 1980களிலிருந்து தீக்காயத் தழும்புகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். காயம் முழுசாக மூடிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும், திறந்த புண்ணில் கூடாது. ஜெல் என்றால் தினம் இரண்டு வேளை, அரிசி அளவு எடுத்து மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். ஒட்டும் தகடு என்றால் தினம் குறைந்தது 12 மணி நேரம். நம் வெயிலில் தகட்டுக்கு அடியில் வேர்க்குரு வரும், அதனால் முதல் வாரம் நாலைந்து மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள், தினம் கழுவுங்கள்.

இரண்டு மூன்று மாதமாவது விடாமல் போட்டால்தான் பலன். இருபது நாளில் நிறுத்துவதாக இருந்தால் அந்தக் காசுக்கு மீன் வாங்கிச் சாப்பிடுங்கள். தழும்பைத் தினம் இரண்டு வேளை ஐந்து நிமிஷம், கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிடுவதும் இறுக்கத்தைக் குறைக்கலாம், செலவில்லை. மூடி இரண்டு மூன்று வாரம் கழித்து ஆரம்பிக்கலாம்.

"வைட்டமின் ஈ மாத்திரையை உடைச்சுத் தடவினா போயிடும்னு யூடியூப்ல..."

அந்தப் பச்சை மாத்திரை தினம் பத்துப் பேராவது வாங்கிப் போகிறார்கள். தழும்புக்கு உதவும் என்று காட்டும் நல்ல ஆதாரம் இல்லை. ஒரு சிறிய ஆய்வில் தடவியவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு ஒவ்வாமையே வந்தது. வெங்காயச் சாறு கலந்த ஜெல்லும் அப்படித்தான், வாசலினைவிடப் பெரிய வித்தியாசம் ஏதுமில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து, புதுசாக ஒரு கறுப்பு வரும்.

"பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிரீம் போட்டு ரெண்டே வாரத்துல வெளுத்துட்டாங்க. அதே டியூப் குடுங்க."

காலி டியூபைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திருப்பிப் படித்தால் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். ஆரம்பத்தில் நன்றாக வெளுக்கும், அதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் போட்டால் தோல் பட்டுப் பேப்பர் மாதிரி மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முகத்தில் பருவும் முடியும் வளரும். நிறுத்தினால் எரிச்சலோடு சிவக்கும், அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடி போடுவார்கள். 2018ல் இந்த வகைக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. சீட்டில்லாமல் நான் தருவதில்லை. இதனால் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன், பரவாயில்லை.

"தழும்பு மேல எழும்பிக்கிட்டே போகுது. கெலாய்டா இது?"

காயம் இருந்த எல்லையைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். எல்லைக்குள்ளேயே தடித்திருந்தால் அது தடித்த தழும்பு. ஒன்றிரண்டு மாதத்தில் எழும்பி, ஒரு வருஷம் போலத் தானே அடங்கும் வாய்ப்புண்டு, சிலிக்கானும் தேய்ப்பும் உதவும். நண்டுக் கால் மாதிரி சுற்றியுள்ள நல்ல தோலுக்குள்ளும் பரவினால் கெலாய்டு. அது காயம் ஆறிப் பல மாதம் கழித்தும் கிளம்பும், தானாக அடங்காது. காதுமடல், நெஞ்சு, தோள், மேல்முதுகு அதற்குப் பிடித்த இடங்கள். பத்து முதல் முப்பது வயதுக்குள் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் உங்களுக்கும் வரலாம்.

அப்படிப்பட்டவர்கள் வேண்டுமென்றே தோலில் ஓட்டை போட்டுக்கொள்வதற்கு முன் யோசிக்க வேண்டும். பச்சை குத்துவது, மூக்குத்தி, ஆடியில் வேண்டுதலுக்கு உடம்பில் குத்திக்கொள்ளும் செடல், எல்லாமே இதில் சேரும். வேண்டுதல் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை, முன்பு போட்ட இடத்தில் உருண்டை வந்ததா என்று மட்டும் கேட்பேன்.

"காது குத்தின இடத்துல கோலிகுண்டு மாதிரி வந்திருக்கு. வெட்டி எடுத்துடலாம்னு ஒருத்தர் சொல்றாரு."

மேலே சொன்ன கெலாய்டு இதுதான். வெறுமனே வெட்டினால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. தோல் டாக்டர்கள் வழக்கமாக அந்தக் கட்டிக்குள்ளேயே ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பல தடவை போடுவார்கள். வெட்டினாலும் அதோடு ஊசியோ அழுத்தும் கம்மலோ கதிர்வீச்சோ சேர்த்துத்தான். உறைய வைக்கும் சிகிச்சையும் உண்டு. குழந்தையிலேயே காது குத்தும் நம் வழக்கத்துக்கு இதில் ஒரு நன்மை: பதினோரு வயதுக்கு மேல் குத்துகிறவர்களுக்குத்தான் கெலாய்டு அதிகம் வருகிறது. நம் பக்கத்தில் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் சொல்லி மாளாது.

"பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற வேலை. கையெல்லாம் கறுத்து உரியுது, இதுக்கு தழும்பு கிரீம் போடலாமா?"

முந்திரிக்கொட்டைத் தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை வேகவைக்கும். சேராங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம் என்றால் புரியும். தினம் வெந்துகொண்டே இருக்கும் கைக்குத் தழும்பு கிரீம் போடுவது, ஒழுகுகிற கூரைக்கு அடியில் தரையைத் துடைப்பது போல. வேலைக்கு முன் விளக்கெண்ணெய் பூசிக்கொள்ளும் பழக்கம் நல்லது, அதற்கு மேல் உறையும் போட முடிந்தால் ரொம்ப நல்லது. எண்ணெய் பட்ட கையால் முகத்தைத் தொடாதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். கொப்புளம் வந்தால் அது ஆறும்வரை வேறு வேலை கேளுங்கள். கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

"மீன் முள்ளு குத்தி ஒரு மாசம் ஆச்சு. ஆறின மாதிரி இருந்து இப்ப கட்டி கட்டியா வருது. தழும்புதானே?"

முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் இந்தக் கேள்விக்கு நான் மருந்தே எடுப்பதில்லை. உள்ளே முள் முறிந்து தங்கியிருக்கலாம், எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்க வேண்டும். இல்லையென்றால் காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு நீர்க்கிருமியாக இருக்கலாம். அது வாரக்கணக்கில் மெதுவாக, விரலிலிருந்து கை வழியாக மேலே மேலே கட்டி எழுப்பும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் போகும், களிம்புக்குப் போகாது. டாக்டரிடம் மீன் முள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. கடல் தண்ணீர், உப்பங்கழித் தண்ணீர் பட்ட காயம் ஒரே நாளில் வீங்கிச் சிவந்து பரவி, காய்ச்சல் அடித்தால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடிப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. திருக்கை, கெளுத்தி குத்திய உடனே செய்ய வேண்டியது, தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரி அளவுக்கு வெந்நீரில் கையை முக்கி வைப்பது, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அந்த விஷம் சூட்டில் கெடும், வலி குறையும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காது, வேறொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எனக்கு சர்க்கரை. காலில் சின்னச் செருப்புக் கடிதான்..."

சர்க்கரைக்காரர் காலில் சின்னது என்று எதுவும் கிடையாது. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். தழும்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்த அம்மைத் தழும்பு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?"

கிரீமால் முடியாது. பள்ளத் தழும்புக்கு நுண் ஊசி உருட்டும் சிகிச்சை, லேசர், அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவது என்று வழிகள் இருக்கின்றன. நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும், மேம்படும், முழுசாக மறையாது. "நூறு சதவீதம்" என்று விளம்பரம் செய்கிற இடத்தைப் பார்த்தால் அப்படியே நடந்து கடந்துவிடுங்கள். நம் நிறத்துக்கு லேசர் அளவு மீறினால் கறுத்துவிடும், அதனால் தோல் படிப்புப் படித்த டாக்டரா என்று கேட்டு, முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"பொண்ணுக்குக் கல்யாணம், ஒன்றரை மாசம்தான் இருக்கு. முழங்கையில சூட்டுத் தழும்பு. என்ன பண்ணலாம்?"

புதுசாக எதையும் ஆரம்பிக்காமல் இருக்கலாம். லேசர், தோல் உரிக்கும் சிகிச்சை எல்லாம் முதலில் சிவந்து கறுத்து அப்புறம்தான் தெளியும், அதற்கு ஒன்றரை மாதம் போதாது. வெயிலில் மூடி, எண்ணெய் தடவி வாருங்கள். அன்றைக்கு மறைக்கும் மேக்கப் போட்டுக்கொள்ளலாம், ஒரு வாரம் முன்பே சின்ன இடத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கறுப்பாக உடனே பிடிக்கும் கோன் மருதாணி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும், சிலருக்கு வரைந்த கோலம் அப்படியே கொப்புளமாகி அதே வடிவில் தழும்பு நிற்கும். இலையை அரைத்து வைத்த செம்மருதாணிக்குக் குறையில்லை.

"இவ்வளவு பேசறீங்களே, உங்க கையில இருக்கிற தழும்பு ஏன் போகல?"

பதினாலு வயதில் சைக்கிள் செயினில் மாட்டிய முழங்கைக் காயம். தைக்கப் பயந்து வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டினோம். பொருக்கை மூன்று தடவை பிய்த்தேன். மூட்டு என்பதால் மடக்கும்போதெல்லாம் இழுபட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு விரிந்துவிட்டது. அந்த வயதில் யாராவது டேப் ஒட்டச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.